விலங்குக் கதைகளில் விலங்கு எங்கே?

தமிழ்க் குழந்தை நரியை முதன்முதலில் பார்ப்பது காட்டிலன்று. வடை சுட்ட பாட்டியின் கதையில்தான். காக்கையைப் பாடச் சொல்லி வடையைத் தட்டிப் பறிக்கும் அந்த நரிக்கும், வயலோரத்தில் எலி, நண்டு, உதிர்ந்த பழம் என்று கிடைத்ததைத் தின்று திரியும் குள்ளநரிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கதை நரியை எல்லா வீட்டுக்கும் தெரியும். நிஜ நரியோ, வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் கொட்டும் என்று சொல்லப்படும் ‘நரிக்கொம்பு’க்காகக் கொல்லப்படுகிறது. விலங்குக் கதை கேட்டு வளரும் பிள்ளை இயற்கையை நேசிக்கும் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் நம்புகிறார்கள். எந்தக் கதை என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பழங்கதைகளின் நோக்கமே வேறு. பஞ்சதந்திரம் அரச குமாரர்களுக்கு நீதியும் அரசியலும் புகட்ட எழுந்தது. தாண்டவராய முதலியார் அதை 1826இல் தமிழ் உரைநடையில் தந்தார். அதில் சிங்கம் அரசாள்கிறது, நரி சூழ்ச்சி செய்கிறது, காக்கைகளும் ஆந்தைகளும் பகை தீர்த்துக்கொள்கின்றன. எல்லாம் மனிதர்களின் வேலை. அரசியல் பாடமாக அவற்றுக்கு நிகரில்லை. விலங்கைப் பற்றிய பாடமாக எடுத்துக்கொண்டால் பிசகிவிடும். கதையிலும் சகுனத்திலும் கெட்ட பெயர் வாங்கிய ஆந்தை, வயலுக்கு வந்து எலி பிடிக்கட்டும் என்று உழவர்கள் ‘பறவை தாங்கி’ நட்டு வைக்கிறார்கள். அந்த ஆந்தையைக் குழந்தைக்குச் சொல்ல வேறு கதை வேண்டும்.

இந்த ஐயத்தை ஆய்வுகளும் எழுப்பியிருக்கின்றன. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கேனியாவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத விலங்குகளைப் பற்றிய படப்புத்தகங்களை வாசித்துக் காட்டினார்கள். விலங்குகள் மனிதரைப்போல் பேசி நினைக்கும் புத்தகங்களைக் கேட்ட பிள்ளைகள், அந்த விலங்குகளைப் பற்றிய உண்மைகளைக் குறைவாகவே கற்றார்கள். நிஜ விலங்குகளுக்கும் மனித குணங்களை ஏற்றிச் சொன்னார்கள். அதே குழுவினரின் இன்னொரு ஆய்வு, பகிர்ந்துகொள்ளும் குணத்தைச் சோதித்தது. விலங்குப் பாத்திரங்களின் கதையைவிட, மனிதப் பாத்திரங்களின் கதையைக் கேட்ட பிள்ளைகளே தங்கள் ஒட்டுப்படங்களை மற்றவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். நீதி சொல்வதற்குக்கூட விலங்கு வேடம் எப்போதும் கைகொடுப்பதில்லை.

அப்படியானால் சட்டை போட்ட விலங்குகளையெல்லாம் ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதற்குப் பியாட்ரிக்ஸ் பாட்டரே சாட்சி.

1902இல் வெளிவந்த அவருடைய பீட்டர் முயலுக்கு நீலச் சட்டை உண்டு. தோட்டக்காரர் துரத்தும்போது சட்டைப் பொத்தான் வலையில் மாட்டிக்கொள்கிறது. சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகே அது தப்பி ஓடுகிறது. வேடத்துக்குள் இருப்பது அசல் முயல். அதன் பசியும் பயமும் ஓட்டமும் முயலுக்கே உரியவை. காளான்களை நுணுகி ஆராய்ந்து வரைந்தவர் பாட்டர். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பண்ணைகளை வாங்கிச் சேர்த்த அவர், 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச்சென்றார். அந்த நிலத்தை வாங்கியதில் கதைப் புத்தகங்கள் ஈட்டிய பணத்துக்கும் பங்குண்டு.

அன்னா சூவெல் 1877இல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’யில் குதிரையே தன் கதையைச் சொல்கிறது. பேசுவது மனித மொழி, வலி குதிரையுடையது. வண்டிக் குதிரைகளின் தலையை அழகுக்காக நிமிர்த்திக் கட்டும் வாருக்கு எதிரான உணர்வை அந்த நாவல் வலுப்படுத்தியது. எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் 1898இல் வெளியிட்ட நூலில் வரும் லோபோ, அவரே நியூ மெக்சிகோவில் பொறி வைத்துப் பிடித்த ஓநாய். சீட்டன் போன்றவர்கள் இயற்கையைத் திரித்து எழுதுகிறார்கள் என்று 1903இல் ஜான் பர்ரோஸ் சாடினார். கதையில் எவ்வளவு கற்பனை கலக்கலாம் என்ற வழக்கு அன்று தொடங்கி இன்னும் முடியவில்லை.

தமிழில் மா. கிருஷ்ணனும் சு. தியடோர் பாஸ்கரனும் காட்டுயிர் எழுத்துக்கு வழி போட்டார்கள். அவர்களின் வாசகர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். சிறுவர்களுக்கு அறிவியல் சொல்லத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் இருக்கிறது. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழ் உட்படப் பல மொழிகளில் படப்புத்தகங்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

புத்தகம் தேர்ந்தெடுப்பவர்கள் சில கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். இந்த விலங்கு எதைத் தின்கிறது, எங்கே உறங்குகிறது, எதற்கு அஞ்சுகிறது என்று கதையிலிருந்து தெரிகிறதா? பாத்திரத்தின் பெயரை மாற்றி ஒரு பையனை வைத்தாலும் கதை அப்படியே நடக்குமென்றால், அது பையனின் கதைதான். படித்து முடித்ததும் வாசலுக்குப் போய் அணிலையோ மைனாவையோ சற்று நேரம் பார்க்க வைத்தால் கதை பாதியில் நிற்காது.

எழுதுவதற்குப் பொருள் இங்கேயே கொட்டிக் கிடக்கிறது. 2022இல் பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கும், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் தேவாங்குக்கும் காப்பகங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டும் இந்தியாவில் தம் வகையில் முதலாவன. இரவில் பூச்சி தேடும் தேவாங்கின் ஒரு நாளும், கடற்புல் மேயும் கடற்பசுவின் ஒரு நாளும் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சுவையான கதைகளாகும். தமிழ்ச் சிறார் எழுத்தாளர்களும் ஓவியர்களும் அவற்றை எழுதவும் வரையவும் முன்வர வேண்டும். பள்ளி நூலகங்கள் அவற்றை வாங்கிப் பிள்ளைகளின் கைக்கெட்டும் தட்டில் வைக்க வேண்டும்.