காசிச்செட்டியின் ‘தமிழ் புளூராக்’கும் தன்முயற்சி என்னும் கருத்தும்

1859ஆம் ஆண்டிலே, வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்துக் கூறும் நூல்கள் இரண்டு, ஒன்றையொன்று அறியாது, ஒன்றற்கொன்று நெடுந்தொலைவிலுள்ள இரு நகரங்களில் வெளிவந்தன. இலண்டன் மாநகரில் வெளிவந்தது சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பார் இயற்றிய, ‘தன்முயற்சி’ என்று தமிழிற் பெயரிடத்தக்க நூல். யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது, புத்தளக் கரையிலுள்ள கற்பிட்டியைப் பிறப்பிடமாகக் கொண்ட சைமன் காசிச்செட்டி அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய ‘தமிழ் புளூராக்’. முன்னையது முதலாண்டிலேயே 20,000 படிகள் விற்பனையாயிற்று. 1871இல் சப்பானிய மொழியிற் பெயர்க்கப்பட்டு அந்நாட்டு இளைஞர்தம் கைந்நூலும் ஆயிற்று. பின்னையது அறிஞர் சிலரின் பேழைகளில் தங்கிக் கிடந்து, 1946இலேதான் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு கொழும்பில் மறுபதிப்பாக வெளிவந்தது. ஆயினும், மனிதன் தன் வாழ்வைத் தானே ஏற்று நடத்த வல்லனோ என்னும் வினாவிற்கு இவ்விரண்டனுள் எது செம்மையான விடை தருகின்றது என ஆராயுமிடத்து, விற்பனைக் கணக்கு நமக்கு வழிகாட்டாது.

ஸ்மைல்ஸின் நூல், 1845இல் லீட்ஸ் நகரத்துத் தொழிலாள இளைஞர் சிலருக்கு அவர் ஆற்றிய சொற்பொழிவிலிருந்து வளர்ந்தது. மாலை வேளைகளிற் கூடித் தாமே ஒருவர்க்கொருவர் கல்வி புகட்டிக்கொண்ட ஏழைகள் அவர்கள். அவர்களுக்கு ஊக்கமூட்ட எடுத்துக்காட்டுகள் வேண்டியிருந்தன. பதினெட்டு வயது வரை எழுத்தறியாதிருந்து பின்னர்ப் புகைவண்டிப் பொறிக்குப் புகழ் தேடித்தந்த ஜோர்ஜ் ஸ்டீவன்சன், மட்பாண்டத்துக்குரிய மெருகின் இரகசியத்தைக் காணும் வேட்கையில் வீட்டுத் தளபாடங்களையும் உடைத்துச் சூளையிலிட்ட பிரான்சியக் கலைஞன் பலிசி முதலியோர் அங்கே வரிசையாக வருகின்றனர். கதைகள் சுவையானவை, நடையும் தெளிவானது. எனினும் அவற்றின் போக்கு ஒன்றே. ஓர் அதிகாரம் ஒரு நற்பண்பைச் சொல்லும்; பின்னர் வரும் வாழ்க்கைகள் யாவும் அதற்குச் சான்றாய் நிற்கும். முயன்றவன் வென்றான், ஆதலின் முயல்க, என்பதே அதன் தருக்கம். முயன்றும் தோற்றவன் அந்த நூலின் வாயிலிற் காத்திருக்கின்றானேயன்றி உள்ளே புக வழியில்லை.

இக்குறையை அக்காலத்தவரே கண்டனர். 1866ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், வெற்றிக்கு ஒரு புளூராக் இருப்பதுபோலத் தோல்விக்கும் ஒரு புளூராக் ஏன் இருத்தலாகாது எனச் சிலர் வினவியதை ஸ்மைல்ஸ் தாமே குறிப்பிடுகின்றார். இருக்கலாம், ஆயின் வெறுந்தோல்வியின் பதிவு சோர்வு தருமேயன்றிப் பாடம் புகட்டாது என்பது அவர் இறுத்த விடையின் சாரம். ஏழாண்டுகளுக்கு முன்னரே, புளூராக்கின் பெயரைத் தலையிலே தாங்கிய நூலொன்று யாழ்ப்பாணத்தில் அச்சேறியிருந்ததை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

தமிழ் மரபிலே புலவர் வாழ்க்கை வேறொரு வகையாக வழங்கிற்று. மடைப்பள்ளியில் ஏவல் செய்தவனாகச் சொல்லப்படும் காளமேகம், திருவானைக்கா அம்மையின் தாம்பூலத்தால் ஓரிரவிற் கவிஞனானான். ஐந்தாண்டு வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூர்ச் சந்நிதியில் வாய் திறந்து பாடினார். இங்கே முயற்சிக்கு இடமில்லை. அருள் ஒன்றே காரணம். ஆனால் மரபு முழுவதும் இவ்வாறானது என்று கூறுவது பிழை. பிறவிக் குருடரான அந்தகக்கவி வீரராகவ முதலியார், பிறர் தம் முதுகில் எழுதிக்காட்ட அந்தத் தீண்டலைக்கொண்டே எழுத்தைக் கற்றார் என்னும் கதை தெய்வத்தை அழைக்கவில்லை. கற்பித்தவனுடைய விரலும் கற்றவனுடைய முதுகுமே அதில் உள்ளன. இக்கதை மெய்யோ புனைவோ என்பது வேறு ஆராய்ச்சி. தமிழர் இப்படியும் ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்து பேணினர் என்பதே ஈண்டு வேண்டுவது.

திருக்குறளின் வைப்புமுறையும் ஈண்டு நோக்கற்பாலது. ‘ஊழ்’ 38ஆம் அதிகாரமாய் அறத்துப்பாலின் ஈற்றில் நிற்கின்றது. ‘ஆள்வினையுடைமை’ 62ஆம் அதிகாரம். அதனை அடுத்து 63ஆம் அதிகாரமாக ‘இடுக்கண் அழியாமை’ வருகின்றது. முயற்சியைக் கூறிய அடுத்த கணமே துன்பத்தைக் கூறவேண்டியது ஏன்? முயற்சி எப்பொழுதும் பயன்தருமாயின் இடுக்கணுக்கு அங்கே இடமேது? ஆள்வினை தோற்கவும் கூடும் என்பதை அறிந்தவர் செய்த வைப்பு அது. மனத்தை மலர்ச்சியாக வைத்துக்கொள்வதென்பது வெற்றி வருமென்ற நம்பிக்கையினின்றும் வேறான ஒன்று என்பதை லீட்ஸ் நகரச் சொற்பொழிவாளர் எண்ணியிலர்; வள்ளுவர் எண்ணியிருந்தார்.

இனிக் காசிச்செட்டியின்பால் வருதல் தகும். அவர் 1807இற் பிறந்தார். ஒருபுறம் மன்னார்க் குடாவும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ, மணல் மேட்டு நாக்குப்போல நீண்டு கிடக்கும் கற்பிட்டியில், ஒல்லாந்தர் 1667இல் எழுப்பத் தொடங்கிய கோட்டையும், மீன்பிடியும், தோணி வாணிகமுமே அன்று பெரும் பொருள்கள். வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசனரிமார் செமினறியைத் தொடங்கிய 1823இல் அவருக்கு வயது 16. அந்த மாணவர் அணியில் அவர் இல்லை. அடுத்த ஆண்டிலேயே புத்தளம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் உத்தியோகம் ஏற்றார். கல்லூரிப் பட்டமோ புலவர் குழாமோ பெரிய நூல்நிலையமோ இன்றி, உத்தியோக நேரம் போக எஞ்சிய பொழுதிலே வளர்ந்த புலமை அவருடையது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்பவற்றோடு வேறு பல மொழிகளையும் பயின்றார் என்பர். 1834இல், 27ஆம் வயதில், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் துறைகளையும் அகரவரிசையில் விளக்கும் ‘சிலோன் கசெற்றியர்’ என்னும் நூலைக் கோட்டை நகர்த் திருச்சபை மிசன் அச்சகத்தில் வெளியிட்டார். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியானார். 1845இல் அப்பதவியை விடுத்துச் சிவில் சேவையிற் புகுந்து, பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதியாய் விளங்கினார்.

இவ்வளவையும் ‘தனியொருவன் தன்னைத்தானே ஆக்கிக்கொண்டான்’ என்று எழுதிவிடுவது எளிது. ஸ்மைல்ஸ் அவ்வாறே எழுதியிருப்பார். ஆனால் அது முழு உண்மையாகாது. காசிச்செட்டி முதலியார் குடும்பத்திற் பிறந்தவர். ஆங்கில ஆட்சிக்கு உள்ளூர் உத்தியோகத்தர் தேவைப்பட்ட காலம் அது. அவரோடொத்த அறிவுடைய கரைவலைத் தொழிலாளி மகன் ஒருவன் அதே கற்பிட்டியில் இருந்திருப்பின், அவன் கைக்கு அந்த வாயில் எட்டியிராது. ஆயினும் அதே வசதியும் அதே உத்தியோகமும் பெற்ற பிற முதலிமார் பலர் இருந்தனர். கசெற்றியர் எழுதியவர் இவர் ஒருவரே. பிறப்பு வாயிலைத் திறந்தது. உள்ளே நுழைந்தபின் நாள்தோறும் செய்த வேலை அவருடையது.

அந்த வேலையின் தன்மை யாது? மொழிபெயர்ப்பாளன் ஒருவன் சொன்னதை மற்றவனுக்குக் கூட்டாமலும் குறைக்காமலும் கொண்டுசெல்பவன். நீதிமன்றத்திற் பழகிய அந்த அடக்கம் ‘தமிழ் புளூராக்’ முழுவதிலும் தெரிகின்றது. கசெற்றியரில் ஊர்களை அடுக்கிய அதே அகரவரிசையில் இங்கே புலவர் ஏறக்குறைய 200 பேர் அடுக்கப்படுகின்றனர். தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே தமிழுலகமாய் அமைகின்றன. ஆண்பாற் புலவரோடு பெண்பாற் புலவரையும் தலைப்பிலேயே எண்ணி வைத்தார். மரபில் வழங்கிய கதையைக் கதையாகவே தருகின்றார். செய்யுளுக்கு ஆங்கில ஆக்கமும் இடையிடையே உண்டு.

இலக்கியத் திறனாய்வு என்ற அளவில் இந்நூல் குறைபாடுடையது என்பதை மறைத்தல் நேர்மையன்று. பல புலவரின் வரலாறு சில வரிகளிலேயே முற்றுகின்றது: பெயர், ஊர், ஆதரித்தோர், நூல் என்பவற்றோடு சரி. கால ஆராய்ச்சி மெலிந்தது. ஆயின் அந்த ஆண்டை நினைத்துப் பார்க்கவேண்டும். உ. வே. சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல், புறநானூறு 1894இல். சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் 1887இலேயே. காசிச்செட்டி எழுதியபோது சங்கத் தொகைகள் ஏட்டிற் கிடந்தன. கைக்கெட்டியவற்றைக்கொண்டு, கைக்கெட்டாதவை பலவுண்டு என்பதையும் அறிந்தே அவர் எழுதினார்.

தலைப்பும் நூலுக்குப் பொருந்தவில்லை எனலாம். கிரேக்கப் புளூராக் ஒரு கிரேக்கனையும் ஓர் உரோமனையும் இணைத்து நிறுத்தி அவர்தம் குணங்களை ஒப்பிட்டவர். பிறர் வாழ்க்கையைக் கண்ணாடியாகக் கொண்டு தம் வாழ்வைத் திருத்த விழைந்தவர். காசிச்செட்டியிடம் ஒப்பீடும் இல்லை, கண்ணாடியும் இல்லை. எனினும் வேறொரு வகையால் இருவரும் ஓரினத்தவர். புளூராக் கைரோனியா என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். வரலாறு எழுதுவோனுக்கு நூல்கள் நிறைந்த பெருநகர் வேண்டும் என்பதை டெமோஸ்தனிஸ் வரலாற்றின் தொடக்கத்தில் அவரே ஒப்புக்கொள்கின்றார்; தம்மூர் சிறியது, தாம் போய்விட்டால் இன்னும் சிறிதாகிவிடுமென்று அங்கேயே தங்கியதாகவும் கூறுகின்றார். அக்கூற்றில் நகைச்சுவையும் உறுதியும் கலந்துள்ளன. தன் நிலைமையின் குறையை நன்கறிந்து, அதனைச் சாக்காகக் கொள்ளாத உள்ளம் அது. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் சிலாபத்திலுமாகத் தம் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த காசிச்செட்டிக்கு அந்தத் தலைப்பு எவ்வாறு தோன்றியதோ; தற்செயலாயினும் அது பொருத்தமான தற்செயலே.

அகரவரிசை என்பது பார்வைக்கு வறண்ட முறை. ஆயின் அதில் ஒரு நீதி உண்டு. வெற்றியால் தரப்படுத்தும் நூலிலே பெரியோன் முன்னும் சிறியோன் பின்னும் நிற்பர், அல்லது சிறியோன் இல்லாமலே போவான். அகரவரிசையிலோ கம்பனுக்கு அருகே, ஒரே ஒரு நூலால் அறியப்படும் புலவனும், நூலே மறைந்து பெயர் மட்டும் எஞ்சிய புலவனும் நிற்கின்றனர். அப்பெயர்களை எழுதிவைத்தவர் அவர்களுக்காக இரங்கவில்லை, புகழவுமில்லை. இன்னார் இருந்தார், இன்னது செய்தார், என்றார். ஸ்மைல்ஸ் எழுத மறுத்த தோல்வியின் புளூராக்கு ஒருவாறு இதுவே. அது சோர்வு தருகின்றதா என்று கேட்பின், இல்லை என்பதே படித்தோர் விடையாகும். தம் பாட்டு நிலைக்குமோ நிலையாதோ என அறியாமலே பாடிய ஒரு பெருங்கூட்டம் கண்முன் வருகின்றது. முயற்சியின் மதிப்பைப் பயனைக்கொண்டு அளக்கும் பழக்கம் அங்கே தானே நழுவிவிடுகின்றது. இன்று ‘வெற்றிக்கு வழி’ என்று விற்கப்படும் நூல்கள் ஸ்மைல்ஸின் பேரப்பிள்ளைகள்; பாட்டனாரிடமிருந்த உழைப்பின் மணத்தைக்கூட இழந்து, நினைத்தாலே போதும், நடக்கும் என்று அவை சொல்லத் தொடங்கிவிட்டன. வறுமையும் நோயும் குலமும் நினைப்பால் நீங்கா என்பதைக் களப்போரத்துச் சிறுவன் எவனும் அறிவான்.

எஞ்சி நிற்பது ஒரு வினா. அதனைத் தவிர்த்தல் இயலாது. தமிழ்ப் புலவரைப் பற்றிய நூலைக் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எழுதினார். அவர் காலத்து ஆட்சியும் அறிஞர் கழகங்களும் ஆங்கிலத்தில் இயங்கின. தமிழருக்கு ஓர் இலக்கிய வரலாறு உண்டென்பதை அறியாதோர்க்கு அறிவிக்க அம்மொழியே ஏற்றது என அவர் கருதியிருத்தல் கூடும். அக்கருத்துப் பொய்க்கவில்லை. ஆயினும் தம் வாழ்வைத் தாமே நடத்திய ஒருவர், தம் மக்கள் தம் புலவரைத் தம் மொழியில் அறியும் வழியைத் திறவாது விட்டார் என்னும் குறை நிற்கின்றது. நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1860இல், அவர் மறைந்தார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை அதனை அடியொற்றியும் விரித்தும், நானூற்றுக்கு மேற்பட்ட புலவரைக் கொண்ட ‘பாவலர் சரித்திர தீபக’த்தைத் தமிழில் வெளியிட்டது 1886இல். ஆங்கிலம் அறியாத கற்பிட்டி மாணவனுக்கு, தன்னூர்க்காரர் சேர்த்து வைத்த செல்வம் மானிப்பாய் வழியாகச் சுற்றி வந்துசேர 27 ஆண்டுகள் சென்றன.