கருவியும் மனிதனும்: கிறஹாம் கிறீனின் நாவலொன்றில் சுய அர்ப்பணம்

இறைவன் கையில் தன்னைக் கருவியாக ஒப்புக்கொடுத்தல் என்பது கிறிஸ்தவப் பக்தி நூல்களில் மிகப் பழகிப்போன ஒரு கருத்தாகும். பழக்கம் காரணமாகவே அதனுள் உறையும் சிக்கல் பெரும்பாலும் நோக்கப்படுவதில்லை. கருவிக்கு விருப்பு வெறுப்புக்கள் இல்லை. மனிதனுக்கோ ஒப்புக்கொடுத்த மறுநாளும் அவை உள்ளன. பக்தி நூலாசிரியன் இவ்விடைவெளியை எளிதிற் கடந்துவிடலாம். நாவலாசிரியனுக்கு அது இயலாது. அவனது களமே அதுதான். கிறஹாம் கிறீன் 1940இல் வெளியிட்ட, ‘வல்லமையும் மகிமையும்’ எனத் தமிழிற் பெயர்க்கத்தக்க நாவல் இவ்வகையில் ஆழ்ந்து நோக்கற்பாலது.

1926இற் கத்தோலிக்கத்தைத் தழுவிய கிறீன் 1938இல் மெக்சிக்கோவிற் பயணம் செய்தார். அங்கு தபாஸ்கோ மாநிலத்தில் 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் கரிடோ கனபால் ஆதிக்கம் செலுத்திய காலத்தில் ஆலயங்கள் இடிக்கப்பட்டன. குருமார் மணம் முடிக்குமாறு நெருக்கப்பட்டனர். நாவலின் பின்புலம் இதுவே. மாநிலத்திற் பணியைக் கைவிடாது எஞ்சிய இறுதிக் குருவானவரே கதைத் தலைவர். அவருக்குப் பெயரில்லை. அவர் குடிப்பழக்கம் உடையவர். ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. தாம் தப்பியோடாது தங்கியமைக்குப் பக்தியன்று, அகந்தையே காரணம் என அவரே கருதுகின்றார்.

இப்பாத்திரத்துக்கு எதிர்நிலையில் ஒரு நூலையே கிறீன் கதைக்குள் வைத்துள்ளார். ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு இரகசியமாக மறைசாட்சி ஒருவனின் சரிதையை வாசிக்கின்றாள். அச்சரிதையில் வரும் ஹுவான் சிறுவயதிலேயே குறையற்றவன். துப்பாக்கிகளின் முன் கிறிஸ்து அரசரை வாழ்த்தி முழங்கி மடிகின்றான். 1927இல் மெக்சிக்கோ நகரிற் சுட்டுக்கொல்லப்பட்ட இயேசுசபைக் குரு மிகுவேல் புரோவின் மரணம் வாசகர் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் கேட்டிருக்கும் மகனுக்குக் கதை சலிப்பூட்டுகின்றது. அவன் மனம் வீதியிற் செல்லும் லெப்டினன்ரின் துப்பாக்கியிலேயே பதிந்துள்ளது. ஒப்புக்கொடுப்பதற்கு ‘தான்’ என ஒன்றில்லாதவனின் அர்ப்பணத்தில் நாடகம் எங்ஙனம் பிறக்கும்?

குருவானவரைத் தேடித் திரியும் அந்த லெப்டினன்ரும் தன்னை முற்றாக ஒப்புக்கொடுத்தவனே. அவனது அறை துறவியின் அறையை ஒத்தது. ஏழைகளின் பிள்ளைகள் பசியற்று வாழவேண்டுமென்பதே அவன் வேட்கை. குடிவகை வைத்திருந்ததற்காகச் சிறைப்பட்ட குருவானவரை இன்னாரென அறியாது விடுதலை செய்யும்போது அவன் கையிற் காசும் கொடுத்தனுப்புகின்றான். தன் பகைவனுக்கு இத்துணைக் கண்ணியம் அளித்தமை கிறீனின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று.

சரணாகதி என்றவுடன் வைணவர் பேசும் பூனைக்குட்டி நியாயம் தமிழ் வாசகனுக்கு நினைவு வரலாம். ஆனால் தாய்ப்பூனை தூக்கிச் செல்லும் வழியிற் பிறர் மிதிபட்டால் யார் பொறுப்பு என்ற வினாவை அவ்வுவமை எழுப்புவதில்லை. இந்நாவல் எழுப்புகின்றது. குருவானவர் பிடிபடும்வரை கிராமங்களிலிருந்து பணயமாகப் பிடிக்கப்பட்டோர் சுடப்படுகின்றனர். இறைவனுக்குப் பயன்படுவதாக ஒருவர் நம்பும் பணியின் விலையை மற்றவர்கள் உயிரால் இறுக்கின்றனர். கிறீன் இதற்கு விடை கூறவில்லை, கூறாமையே நேர்மை.

எல்லையைக் கடந்தபின் வரும் பகுதி நாவலின் உயிர்நிலையாகும். பாதுகாப்பான ஊரில், லேர் என்னும் லூதரன் சகோதரனும் சகோதரியும் அளித்த வசதியில், பழைய மனிதர் மீண்டும் தலைதூக்குகின்றார்: ஞானஸ்நானக் கட்டணத்துக்குப் பேரம் பேசுகின்றார், பிராந்தி தேடுகின்றார். ஆபத்தில் ஒடுங்கியிருந்த ‘தான்’ அமைதியில் உடனே உயிர்க்கின்றது. அவ்வேளையில், குண்டடிபட்டு மரணத்தறுவாயிற் கிடக்கும் அமெரிக்கக் கொலையாளி ஒருவன் பாவசங்கீர்த்தனம் வேண்டுவதாக, யூதாஸை நிகர்த்த கலப்பினத்தான் வந்து அழைக்கின்றான். அது பொறியென்று அறிந்தே குருவானவர் திரும்பிச் செல்கின்றார். ஆனால் கொலையாளி மனந்திரும்பவில்லை. தன் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடும்படி குருவானவரையே வற்புறுத்தி இறக்கின்றான். நாவலின் உச்சமான அர்ப்பணச் செயலுக்குக் கண்ணாற் காணத்தக்க பயன் யாதுமில்லை. ‘பயன்படுதல்’ என்பதை வெற்றியோடு சேர்த்தே எண்ணும் பிரசங்க வழக்கை இக்காட்சி தகர்க்கின்றது.

குருவின் தகுதியில் அருட்சாதனத்தின் பயன் தங்கியுள்ளதா என்பது பழைய விவாதம். கொடுமைக் காலத்திற் பணிந்துபோன குருமாரின் சடங்குகள் செல்லா என 4ஆம் நூற்றாண்டில் வட ஆபிரிக்கத் தொனாத்தியர் வாதித்தனர். வழங்குபவர் கிறிஸ்துவே என்று அகுஸ்தீனார் மறுத்தார். கிறீன் அகுஸ்தீனாரின் பக்கம் நிற்கின்றார் என்பது தெளிவு. ஆயினும் கோட்பாடு சடங்கைக் காக்கின்றதேயன்றி மனிதனைக் காப்பதில்லை. தாம் பிறருக்கு அருளை வழங்கவல்லவர். தமக்கு அதை வழங்க எவருமில்லை. மணம் முடித்துக்கொண்ட பாதர் ஜோசே அச்சத்தால் வர மறுத்தமையால், குருவானவரின் இறுதி இரவு பாவசங்கீர்த்தனமின்றியே கழிகின்றது. வெறுங்கையோடு செல்கின்றோம் என்ற ஏமாற்றமே அவரிடம் எஞ்சுகின்றது.

பாவத்தில் ஒருவகைச் சிறப்பு உண்டென்பதுபோலக் கிறீன் எழுதுவதாக 1948இல் ஜோர்ஜ் ஓவெல் குற்றஞ்சாட்டினார். அது ‘விடயத்தின் இதயம்’ எனப் பொருள்படும் பிறிதொரு நாவல் பற்றியது, அங்கு பொருந்தும். இங்கு அத்துணை பொருந்தாது. இக்குருவானவர் தம் பாவத்தை இரசிப்பதில்லை. அதன் கனியாகிய மகளை நேசிப்பதால் அதற்காக மனம் வருந்தவும் அவரால் முடியவில்லை. அக்குழந்தைமீது கொண்ட அன்பை எல்லா ஆன்மாக்கள்மீதும் கொண்டிருக்கவேண்டும் என உணர்கின்றார், கொள்ள இயலவில்லை. அர்ப்பணம் முழுமையடையாது நிற்கும் இடம் இதுவே. 1953இல் உரோமையின் பரிசுத்த அலுவலகம் இந்நாவலைக் கண்டித்தமைக்கு இத்தகைய சங்கடங்களும் காரணமாகலாம்.

குறைகளும் உள. பிடிபட்டபின் குருவானவரும் லெப்டினன்ரும் நிகழ்த்தும் உரையாடல் பட்டிமன்றத் தன்மை பெறுகின்றது. ஒருவர் சுடப்பட்ட அன்றிரவே புதிய குரு வந்து கதவைத் தட்டுதல் மிகைப்பட்ட ஒழுங்கு. எனினும் அதற்குச் சற்றுமுன் வரும் காட்சி அதனினும் கூரியது. கொல்லப்பட்டவரும் மறைசாட்சிகளுள் ஒருவராகலாம் எனத் தாய் பிள்ளைகளுக்குக் கூறுகின்றாள். முன்பு வீட்டுக்கு வந்த அவரிடம் ஒரு நாற்றம் வீசியது என்கிறாள் சிறுமி ஒருத்தி. இனி அப்படிச் சொல்லக்கூடாதென்று தாய் அவளை அடக்குகின்றாள்.