புளியரை மேட்டில் மூன்றாவது கியர்

போன வைகாசியில் பதினாறு பெட்டி சப்பட்டை மாம்பழத்தோடு எங்கள் ஜிப்ஸி புளியரை எஸ் வளைவை மூன்றாவது கியரிலேயே ஏறிவிட்டது. இதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பவர்கள் அந்த மேட்டில் லோடு வண்டி ஓட்டாதவர்கள். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அங்கே இரண்டாவது கியருக்கு இறக்காமல் இந்த வண்டி ஏறியதே கிடையாது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பைக் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை என்று வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

எங்களுடையது 1998 மாடல் ஜிப்ஸி கிங். 1298 சிசி, நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, கார்புரேட்டர், 60 குதிரைத்திறன். 1985-ல் மாருதி முதலில் கொண்டுவந்த ஜிப்ஸிக்கு 970 சிசி எஞ்சின்தான்; இந்த 1298 சிசி 1996-ல் வந்தது. 2000-ல் பதினாறு வால்வு, எம்பிஎஃப்ஐ, 80 குதிரைத்திறன் என்று ஆனது. அதைப் பார்த்து ஏங்காத நாளில்லை. சுசுகியின் எஸ்ஜே410 நீள சேஸிதான் இதற்கும் அடித்தளம். அதே குடும்பத்தில் வெளிநாடுகளில் பிக்கப்பே விற்றார்கள். நாங்கள் செய்ததும் அதுதான்: பின்சீட்டுகளைக் கழற்றி, தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி, அய்யனார் கோயில் பக்கத்துத் தோப்பிலிருந்து முடங்கியார் ரோடு வழியாக மாம்பழம் இறக்குகிறோம். சீசனில் புனலூர் வரை போகும்.

எஞ்சினை மாற்றாமல் இழுவையைக் கூட்ட வழியிருக்கிறது, அதன் பெயர் கேம் சாப்ட் என்று எனக்குப் புரியவைத்தது எந்த மெக்கானிக்கும் இல்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற என் சித்தப்பாதான். பவர்லூமில் மேலே ஒரு கிராங்க் சாப்ட், கீழே ஒரு பாட்டம் சாப்ட். மேலே இரண்டு சுற்று சுற்றினால் கீழே ஒரு சுற்று. கீழ்த்தண்டில் மாட்டியிருக்கும் டாப்பட்டுகள்தான் விழுதுகளை மாற்றி மாற்றித் தூக்கிப் பாவைப் பிரித்து நாடாவுக்கு வழிவிடுகின்றன. எஞ்சினிலும் அச்சு அசலாக அதே கணக்கு! கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று. அங்கே விழுது எழுகிறது, இங்கே வால்வு இறங்குகிறது. எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை திறந்து மூடுகிறது. "டாப்பட்டை மாத்துனா துணியே வேற ஆயிரும்டா, உன் வண்டி மட்டும் மாறாதா?" என்றார் சித்தப்பா. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

முதலில் செய்தது முட்டாள்தனம். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்துவிட்டு வந்த சூடு. மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினைப் பந்தயக் காரில் வைத்து ஃபார்முலா மாருதி என்று ஓடவிட்ட கரிவரதன் பெயரில் இருக்கிற தடம் அது. அங்கே நின்றுவிட்டு வந்தவனுக்குச் சின்ன கேம் கண்ணில் படுமா? பட்டியலில் இருந்ததிலேயே பெரியதை, 284 டிகிரியை, வாங்கி மாட்டினேன். ஐடிலிங்கிலேயே வண்டி சாமியாடியது. தென்காசி ரோட்டில் 4,500 ஆர்பிஎம்முக்கு மேல் பறந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் புளியரையில் லோடோடு ஏறும்போது 3,000-க்குக் கீழே உயிரே இல்லை. கிளட்ச் தீய்ந்த வாடை, பின்னால் லாரிகளின் ஹாரன். இறங்கிக் கல் வைத்து, பாதிப் பெட்டியை இன்னொரு வண்டியில் ஏற்றினேன்.

ஏன் அப்படி ஆனது என்பதைத் தெரிந்துகொண்டபோதுதான் இந்த விஷயத்தின் மேல் பைத்தியமே பிடித்தது. நான்கு ஸ்ட்ரோக் முடிய கிராங்க் 720 டிகிரி சுற்றுகிறது. அதில் ஒரு வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பதே டியூரேஷன். அது நீண்டால், பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலேறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு மூடாமல் கிடக்கும். வேகமாக ஓடுகிறபோது காற்றுக்கு இருக்கிற உந்தம் அப்போதும் உள்ளேயே தள்ளும், லாபம். மெதுவாக ஏறுகிறபோது உறிஞ்சிய கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். அழுத்தம் செத்துப்போகும். அதோடு ஓவர்லாப்: எக்ஸாஸ்ட் மூடுமுன் இன்லெட் திறந்து, இரண்டும் சேர்ந்தே திறந்திருக்கும் நேரம். அது கூடினால் ஐடிலிங்கில் எரிந்த புகை இன்லெட்டுக்கே திரும்பும். சாமியாட்டம் அங்கிருந்துதான். வேட்டைக்கு ஓடுகிற நம்மூர் ராஜபாளையம் நாயை வண்டியில் பூட்டி ஏன் இழுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டவன் நான்.

ஆகவே லோடு வண்டிக்கு கேம் தேர்ந்தெடுக்கிறவர்கள் குதிரைத்திறன் எண்ணைப் பார்க்க வேண்டாம். உங்கள் எஞ்சின் ஒரு நாளில் பெரும்பாலும் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று எழுதி வையுங்கள். நான் தனியாக ஒரு மீட்டர் மாட்டி ஒரு வாரம் குறித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போக, தோப்புக்குப் போக, மேடேற எல்லாமே 1,800-க்கும் 3,500-க்கும் நடுவில்தான்! 5,000-ஐத் தொட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு டவுன் பஸ்மேல் உள்ள கோபத்தில்.

அந்தக் காகிதத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோவையும் எடுத்துக்கொண்டு மறுபடி கோவை போனேன். கேம் கிரைண்டிங் செய்கிற பெரியவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பட்டியலில் ஆகச் சின்னதைக் காட்டினார்: 256 டிகிரி. இன்லெட், எக்ஸாஸ்ட் முகடுகளுக்கு நடுவே 112 டிகிரி. இந்த டிகிரியிலும் ஒரு சூது உண்டு. வால்வு அசையத் தொடங்கியதிலிருந்து எண்ணுகிறாரா, ஒரு மில்லிமீட்டர் எழுந்த பிறகு எண்ணுகிறாரா என்று கேட்டே ஆகவேண்டும். ஒருவருடைய 256 இன்னொருவருடைய 256 ஆகாது.

புதிய கம்பியில் செதுக்கவில்லை, பழையதையே தேய்த்தார். மூக்கைத் தொடாமல் முதுகைத் தேய்ப்பது என்று அதற்கு அவர் கொடுத்த விளக்கம் எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது. மேட்டை உயர்த்த உலோகம் சேர்க்க முடியாது. அடிவட்டத்தைக் குறைத்தால் மேடு தானாக உயர்ந்துவிடுகிறது. அதிகம் தேய்த்தால் மேற்பரப்பின் கடினத்தன்மை போய்விடும், ராக்கர் உட்காரும் இடமும் நகர்ந்துவிடும். சின்ன கேமுக்குச் சாதகமாக இது இன்னொரு காரணம். தேய்க்கக் கொடுத்தது காயலான் கடையில் பிடித்த இன்னொரு கேம். இதே கார்புரேட்டர் எஞ்சினுடையதாகப் பார்த்து வாங்கினேன், ஏனென்றால் டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டுவதும் பெட்ரோல் பம்பைத் தட்டுவதும் இந்த ஒரே கம்பிதான். கம்பெனி கேம் துணி சுற்றிப் பரணில் பத்திரமாக இருக்கிறது. எஞ்சினில் கை வைக்கிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. புகைச் சோதனையில் தேறாவிட்டால் அன்றே பழையதை மாட்டிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். தேறியது.

மாட்டிய நாளைச் சொல்லாமல் முடியாது. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, கழற்றி, வால்வு பதிந்த தடத்தில் எவ்வளவு களிமண் மிச்சமிருக்கிறது என்று அளந்தோம். தாராளமாக இருந்தது. டிகிரி தகட்டைக் கிராங்கில் மாட்டி டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் டைமிங் குறியைவிட கேம் மூன்று டிகிரி பிந்தியிருந்தது. நகர்த்தக்கூடிய புல்லி போட்டு அதைச் சரிக்கட்டினோம். குறியை மட்டும் நம்பியிருந்தால் காசு கொடுத்து வாங்கிய இழுவையில் பாதி அங்கேயே போயிருக்கும். பிறகு மேடுகளில் மாலி பேஸ்ட் பூசி, ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து இருபது நிமிஷம் ஐடிலிங்குக்கு விடாமல் 2,000-க்கும் 2,500-க்கும் நடுவில் ஏற்றி இறக்கி ஓடவிட்டோம். புது மேடும் ராக்கரும் ஒன்றையொன்று பழகிக்கொள்கிற நேரம் அது. பால்கோவா கிண்டுகிறவர் அடுப்பை விட்டு நகரமாட்டார், அப்படி நின்றேன்.

அதன் பிறகு! ஐடிலிங் பழைய கேமில் இருந்த மாதிரியே மென்மை. முதல் கியரில் தோப்பு மண்ணிலிருந்து எழும்போதே யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. புளியரையில் மீட்டர் 2,200, வேகம் முப்பத்தைந்து, கால் பாதி அழுத்தத்தில், வண்டி முனகாமல் ஏறுகிறது. நான் இரண்டாவது கியருக்குக் கையைக் கொண்டுபோய்விட்டு வெட்கப்பட்டுத் திரும்ப எடுத்தேன். மைலேஜ் என் கணக்கில் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடத்தான் செய்தது. 5,000-க்கு மேல் இது பழைய கேமைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யாது. செய்ய வேண்டாமே, எனக்கு அங்கே என்ன வேலை?

ஆரியங்காவில் டீக்கு நிறுத்தினோம். கூட வந்திருந்த சித்தப்பா பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் ரொம்ப நேரம் குனிந்து நின்றார். "எட்டும் ஒரே சீரா அடிக்குது. நம்ம மூணாம் நம்பர் தறி டாப்பட்டையும் வந்து ஒரு கை பாரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அதற்குள் இன்னும் இரண்டு லோடு இருக்கிறது.