கூலியா? கொடையா?

குற்றால மலையில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசிச் சீமையெங்கும் அடுப்புகள் ஓய்வறியாமல் எரிகின்றன. அருவி தேடி வரும் கூட்டம், குளித்த குளிர் நீங்கும் முன்பே உணவு விடுதிகளைத் தேடுகிறது. செங்கோட்டையை அடுத்த பிரானூரில் பரோட்டாக் கல் ஆறுவதே இல்லை. மேசைக்கு மேசை ஓடிப் பரிமாறும் சர்வர், உண்டவர் எழும்போது பில் வைத்த தட்டின் மேல் ஒரு கணம் பார்வையை ஓட்டுகிறார். சில்லறை கிடக்குமா, கிடக்காதா? அந்த ஒரு கணப் பார்வையைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

சர்வருக்கு டிப்ஸ் வைப்பது நாகரிகம், வைக்காதவன் கருமி என்னும் எண்ணம் நகரங்களில் வேரூன்றிவிட்டது. அது குற்றாலம் வந்து, இப்போது சிற்றூர்களையும் எட்டிப் பார்க்கிறது. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறுதான் தென்காசியைக் கடந்து வீரகேரளம்புதூரை நனைத்துச் செல்கிறது. ஆற்றோடு இவ்வழக்கமும் இறங்கி வருகிறது போலும்! வீரகேரளம்புதூர் போன்ற ஊர்களின் சிறு கடைகளில் பரிமாறுபவர் பெரும்பாலும் கடைக்காரரே; அல்லது அவர் மனைவி, மகன். அங்கே மீதிப் பணத்தை மேசையில் விட்டு எழுந்தால், "அண்ணாச்சி, பாக்கியை வாங்காமப் போறீங்களே" என்று கூப்பிட்டுக் கையில் கொடுப்பார்கள். அந்தக் குரலில் பணிவு இல்லாமலில்லை. ஆனால் தாழ்வு இல்லை. இந்தக் குரல் வாழ வேண்டுமா, தட்டை நோக்கும் பார்வை வளர வேண்டுமா? இதுவே நம் கேள்வி.

கொடுப்பதும் பெறுவதும் பற்றித் தமிழன் நேற்று இன்று சிந்தித்தவன் அல்லன். ஒன்றைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என மூன்று சொற்களைத் தொல்காப்பியம் வகுத்துக் காட்டுகிறது. தாழ்ந்தவன் கேட்பது ஈ; ஒத்தவன் கேட்பது தா; உயர்ந்தவன் கேட்பது கொடு. கூலி எந்தச் சொல்லால் கேட்கப்பட வேண்டியது? உழைத்தவன் ஒப்போனாக நிமிர்ந்து நின்று, "தா" என்று கேட்க வேண்டியது. டிப்ஸ் எந்தச் சொல்லால் பெறப்படுகிறது? வாய் திறந்து கேட்காவிட்டாலும், கண் கேட்பது "ஈ" என்றே. தா என்று கேட்க உரிமை உள்ளவனை ஈ என்று நிற்க வைக்கும் வழக்கம் எதுவாயினும், அதை நாகரிகம் என்று நாம் ஒப்புவதற்கில்லை.

இதற்குத் தமிழில் இயல்பான ஒரு சொல் நிலைக்கவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். டிப்ஸ் ஆங்கிலம், இனாம் அரபு, பக்ஷீஸ் பாரசீகம். இனாம் என்ற சொல் வீரகேரளம்புதூருக்குப் புதிதன்று. ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தவர் ஊற்றுமலை இருதயாலய மருதப்பத் தேவர். கலைஞன் அரசனின் அருளை நம்பி வாழ்ந்த காலம் அது. அந்தக் காலம் போயிற்று. ஜமீன்தாரி முறையை ஒழிக்கச் சென்னை மாகாணத்தில் 1948ல் சட்டம் வந்தது. சிறு இனாம்களை ஒழிக்க 1963ல் சட்டம் வந்தது. நிலத்திலிருந்து போன இனாம் சாப்பாட்டு மேசைக்கு வந்து குடியேறலாமா? சாப்பிடும் அரைமணி நேரத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு குட்டி ஜமீன்தார் ஆகலாமா?

"பரிசில் தருவது பழந்தமிழ்ப் பண்பு அல்லவா?" என்று கேட்போர் உண்டு. ஆம், பண்புதான். ஆனால் பரிசில் பெற்ற புலவரின் நிமிர்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதியமான் நெடுமான் அஞ்சி, தன்னைக் காண வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் காணாமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். முகம் பாராமல் தரும் பொருளைப் பெற்றுப்போகத் தாம் வணிகர் அல்லர் என்று புலவர் மறுத்தார். புறநானூறு அதைக் காத்து வைத்திருக்கிறது. இன்று தம்ளருக்கு அடியில் பத்து ரூபாய்த் தாளைச் செருகிவிட்டு, பரிமாறியவரின் முகத்தைக்கூடப் பாராமல் வெளியேறுகிறோமே, அது எந்த வகைக் கொடை? பெருஞ்சித்திரனார் மறுக்க முடிந்தது. சர்வர் மறுக்க முடியுமா? மறுக்க முடியாதவனுக்குத் தருவதைப் பரிசில் என்று சொல்வது, பரிசிலுக்கும் இழுக்கு, பெறுபவனுக்கும் இழுக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? ஜெய்ப்பூர் மன்னரின் மாளிகையாயிருந்து விடுதியாக மாறிய ராம்பாக் அரண்மனையின் தொழிலாளர் வழக்கில், விருந்தினர் தரும் டிப்ஸ் முதலாளி தரும் ஊதியத்தின் பகுதி ஆகாது என்று 1976ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2016ல் வேறொரு வழக்கில், அட்டை வழியே விடுதிக்கு வந்து ஊழியருக்குப் பிரித்துத் தரப்படும் டிப்ஸும் சம்பளம் அன்று, அது வாடிக்கையாளர் விரும்பித் தருவது என்று தீர்ப்பளித்தது. இதன் பொருளை ஊன்றிப் பார்க்க வேண்டும். சம்பளம் உரிமை, கொடுக்காவிட்டால் வழக்காடலாம். டிப்ஸ் கருணை, கொடுக்காவிட்டால் பெருமூச்சு விடலாம், அவ்வளவே. வாழ்க்கையைப் பெருமூச்சின் மேல் கட்ட முடியுமா?

சில பெரிய விடுதிகள் வேறு வழி கண்டன. சேவைக் கட்டணம் என்று பில்லிலேயே எழுதி வாங்கின. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலையில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று நெறி வகுத்தது. விடுதியாளர் சங்கங்கள் வழக்கிட்டன. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் அந்நெறியை உறுதிசெய்தது. நன்று. ஆனால் கட்டாயக் கட்டணம் கூடாது என்றவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணினால், வாடிக்கையாளரின் பை மட்டுமே காக்கப்பட்டிருக்கும். பரிமாறுபவரின் வயிறு காக்கப்பட்டிராது.

டிப்ஸைச் சமுதாயக் கட்டளையாக்கிய நாடு எங்கே போய் நிற்கிறது என்பதற்கு அமெரிக்கா சான்று. அங்கே உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் புல்மன் நிறுவனம் தன் படுக்கை இரயில்களில் பணிக்கு அமர்த்தியது. குறைந்த கூலி, மீதியைப் பயணிகளிடம் கையேந்திப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவர்களின் சொந்தப் பெயரைக்கூடக் கேளாமல், முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் எல்லோரையும் "ஜார்ஜ்" என்றே பயணிகள் அழைத்தனர். விலங்கு உடைந்தது; அடிமைத்தனம் சில்லறை உருவில் தொடர்ந்தது. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925ல் அவர்கள் சங்கம் அமைத்து, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937ல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டனர். ஆனால் வழக்கம் சாகவில்லை. டிப்ஸ் பெறுவோருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர் என்று அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் 1991ல் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. வாடிக்கையாளர் கை தாராளமாக நீள நீள, முதலாளியின் கை சுருங்கியது. இதைத்தான் நாமும் இறக்குமதி செய்ய வேண்டுமா?

இன்னொன்று. டிப்ஸ் கண்ணுக்குத் தெரிபவருக்கே விழுகிறது. அனல் பறக்கும் கல்லின் முன் நின்று மாவை வீசும் பரோட்டா மாஸ்டர், புகையில் கண் சிவக்கும் சமையற்காரர், பின்கட்டில் பாத்திரம் துலக்கும் பெண், எச்சில் இலை எடுத்து மேசை துடைப்பவர் ஆகியோரின் பங்கு என்ன? உண்ணும் இடத்தில் சமத்துவம் வேண்டும் என்று இந்த மண் போராடியிருக்கிறது. இதே நெல்லைச் சீமையின் சேரன்மாதேவிக் குருகுலத்தில், பிறப்பைக் காட்டிப் பிள்ளைகளைத் தனித்தனியே உண்ண வைத்தது 1920களில் பெரும் கிளர்ச்சியை மூட்டியது. சென்னைத் திருவல்லிக்கேணியில் "பிராமணாள்" என்ற பெயர்ப்பலகையை எதிர்த்து 1957ல் மறியல் நடந்தது. உட்கார்ந்து உண்பவர்களுக்குள் இருந்த வேலி சரிந்தது. உண்பவனுக்கும் இலை எடுப்பவனுக்கும் நடுவே நிற்கும் வேலியோ இன்னும் முழுதாகச் சரியவில்லை. ஐந்து ரூபாய்க் காசு அந்த வேலியைத் தகர்க்காது. வேலிக்கு மேலாக எறியப்படும், அவ்வளவுதான்.

சில்லறையின் நிலையாமையையும் காலம் காட்டிவிட்டது. இன்று அலைபேசியை நீட்டி, காசு பிசகாமல் கணக்குத் தீர்த்துப் பலர் போகிறார்கள். தட்டில் மீதி இல்லை. யாரும் தீங்கு நினைக்கவில்லை; யாரும் கருமியாகிவிடவில்லை; ஆயினும் சில்லறையை நம்பியிருந்தவரின் வருவாயில் ஒரு பகுதி ஓசையின்றி மறைகிறது. பணம் செலுத்தும் முறை மாறினால் குறைந்துபோகும் ஒன்றைக் குடும்பம் நடத்தும் வருவாய் என்று எப்படி நம்பச் சொல்வது?

"டிப்ஸ் இல்லாவிட்டால் நன்றாகப் பரிமாறுவார்களா?" என்பார் சிலர். ஆசிரியர் டிப்ஸ் பெற்றா பாடம் நடத்துகிறார்? செவிலியர் டிப்ஸ் பெற்றா மருந்து தருகிறார்? அரசு அலுவலகத்தில் இதே காசு கைமாறினால் மாமூல் என்று இகழ்கிறோமே. அங்கே இழிவானது இங்கே எப்படி ஊக்கம் ஆகும்? "சிறு கடைக்காரர் கூடுதல் கூலி தர முடியுமா?" என்பார் வேறு சிலர். இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சாரல் பொய்த்தால் குற்றாலத்தில் வணிகமும் பொய்க்கும் என்பதை அறிவோம். அப்படியானால் தோசையின் விலையில் இரண்டு ரூபாய் சேரட்டும். அந்த இரண்டு ரூபாய் சம்பளப் பட்டியலில் ஏறட்டும். கொடுப்பது அதே வாடிக்கையாளர்தான். ஆனால் பெறுவது பிச்சையாக அன்று, உரிமையாக.

முடியாத கனவா இது? மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் பாருங்கள். காப்பி வாரியம் தன் காப்பி விடுதிகளை மூடித் தொழிலாளரை வெளியேற்றியபோது, ஏ. கே. கோபாலனின் வழிகாட்டலில் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். 1958ல் திருச்சூரில் அவர்களது இந்தியக் காப்பி விடுதி திறந்தது. பரிமாறுகிறவரே விடுதியின் உடைமையிலும் பங்குள்ளவர் ஆனார். யாருடைய தயவுக்கும் காத்திராமல் தலைப்பாகை அணிந்து நிமிர்ந்து நிற்க உழைப்பாளியால் முடியும் என்பதற்கு அது சான்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆகவே நாளை முதல் ஒரு காசும் வைக்காதீர்கள்" என்று நாம் முடிக்கப் போவதில்லை. அது எளிய வழி; கொடிய வழியும் கூட. முதலாளி குறைத்துக் கொடுக்கும் கூலியை வாடிக்கையாளரும் குறைத்துவிட்டு, அதற்குத் தன்மானம் என்று பெயர் சூட்டுவது சீர்திருத்தம் ஆகாது. கூலி நேராகும் வரை, இயன்றவர் வைக்கட்டும். ஆனால் வைத்ததால் "டேய்" என்று கூப்பிடும் உரிமை வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். வைக்க இயலாதவர் தலை குனிய வேண்டாம். குடும்பத்தோடு அருவிக்கு வந்து, கணக்குப் பார்த்து உண்ணும் கூலித் தொழிலாளியைக் கருமி என்று பார்ப்பது அநியாயம்.

சமுதாயம் எதிர்பார்க்க வேண்டியது வாடிக்கையாளரின் சில்லறையை அன்று, முதலாளியின் நேர்மையை. குறைந்தபட்சக் கூலிக்கு 1948லேயே நாட்டில் சட்டம் வந்தது. உணவு விடுதித் தொழிலாளரின் வேலை நேரத்துக்கும் விடுமுறைக்கும் தமிழ்நாட்டில் 1958ல் தனிச் சட்டமே வந்தது. ஏட்டில் உள்ளதை மேசைக்குக் கொண்டுவரக் கேட்பவர் வேண்டும். சாரல் காலத்துக்கு மட்டும் வேலைக்கு வைக்கப்படும் இளைஞனுக்கும் கூலி எழுத்தில் உண்டா, வார விடுமுறை உண்டா, பின்கட்டுப் பெண்ணுக்கும் அது பொருந்துமா என்று உண்பவர் கேட்கட்டும், ஊர் கேட்கட்டும், தொழிலாளர் சங்கமாய்க் கூடித் தாமே கேட்கட்டும். ஈ என்று அன்று, தா என்று!