ஐம்பதுக்கு எத்தனை?

ருசி விஷயத்தில் தர்க்கம் செல்லாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது சுலபம். 'எனக்குப் பிடித்தது, உனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே' என்று முடித்துவிட்டால் சண்டைக்கு இடமில்லை. நம்மில் பெரும்பாலோர் நாவலைப் பற்றியும் சங்கீதத்தைப் பற்றியும் பேசும்போது இப்படித்தான் முடித்துக்கொள்கிறோம். ஆனால் மேல்நாடுகளில், ருசியைப் பற்றிக் காகிதமும் பென்சிலும் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாதாடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வாதாடுவது பீரைப் பற்றி.

நண்பர்கள் ஐந்தாறு பேர் ஒரு சனிக்கிழமை மாலை ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு புட்டி. சிறு சிறு ப்ரூவரிகளில் காய்ச்சிய பீர் சில. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த ஸைடர் சில. புட்டிகளைக் காகிதப் பையில் போட்டு மறைத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று அவுன்ஸ் வீதம் ஊற்றி, நிறத்தைப் பார்த்து, முகர்ந்து, வாயில் புரட்டி, விழுங்கி, மார்க் போடுகிறார்கள். நடுநடுவே தண்ணீரும் ரொட்டித் துண்டும். முடிவில் எல்லோருடைய மார்க்கையும் கூட்டிச் சராசரி எடுத்து, இன்னது முதல், இன்னது கடைசி என்று தீர்ப்பு.

நான் குடிக்குப் பரிந்து பேச வரவில்லை. மதுவிலக்குப் பிரசாரமும் என் வேலை அல்ல. எனக்கு இதில் இருக்கிற அக்கறை வேறு. ஒரு மனிதன் தன் அனுபவத்தைத் தானே உணர்ந்து, இன்னொருவனுக்குச் சொல்ல முயல்கிறான். விமர்சனம் என்று நாம் சொல்வதும் இதுதான். அது அங்கே எப்படி நடக்கிறது, எங்கே கெட்டுப்போகிறது என்று பார்ப்பதில் நமக்கும் பிரயோஜனம் உண்டு.

இந்தப் பழக்கத்துக்குப் பாஷையை உண்டாக்கித் தந்தவர் மைக்கேல் ஜாக்ஸன். பிரசித்தி பெற்ற பாட்டுக்காரர் வேறு. இவர் 1942-ல் பிறந்து 2007-ல் காலமான ஆங்கிலேயப் பத்திரிகையாளர். 1977-ல் வெளிவந்த இவருடைய 'உலக பீர் வழிகாட்டி' என்ற புஸ்தகம் பீரைத் தேசவாரியாக, ஜாதிவாரியாகப் பிரித்துக் காட்டியது. அதுவரையில் சாதாரணக் குடிகாரனுக்கு பீர் என்றால் பீர்தான். ஒன்று குளிர்ச்சியாக இருக்கும், மற்றொன்று இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். பில்ஸன் நகரத்து மென்மையான தண்ணீருக்கும் பர்ட்டன் நகரத்து ஜிப்ஸம் கலந்த கடினமான தண்ணீருக்கும் கோப்பையில் வித்தியாசம் தெரியும் என்பதையும், ப்ரஸ்ஸல்ஸ் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் காற்றிலிருந்து தானாகவே வந்து விழும் ஈஸ்ட்டை நம்பி 'லாம்பிக்' என்ற புளிப்பு பீரை உண்டாக்குகிறார்கள் என்பதையும் வாசகன் தெரிந்துகொண்டது இப்படிப்பட்ட எழுத்தின் மூலம்தான். பீர் எங்கிருந்து வருகிறது, அதை உண்டாக்குபவர்கள் யார், என்ன சாப்பாட்டோடு அது சேரும் என்று அவர் எழுதினார். நாவலாசிரியன் ஒரு தெருவை எழுதுவது போல எழுதினார் என்று சொன்னால் மிகையாகாது.

காலமும் அவருக்கு அனுகூலமாக இருந்தது. இங்கிலாந்தில் பழைய முறைப் பீரைக் காப்பாற்ற 1971-ல் ஓர் இயக்கம் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் ஃப்ரிட்ஸ் மேடாக் என்ற இளைஞர், மூடுகிற நிலையிலிருந்த ஸான் ஃப்ரான்ஸிஸ்கோ ஆங்கர் ப்ரூவரியை 1965-லேயே கையிலெடுத்திருந்தார். 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டம் வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ள வழிவிட்டது. அப்போது அந்த தேசம் முழுவதிலும் நூறு ப்ரூவரிகள்கூட இல்லை. 2023-ல் 9,000-க்கு மேல். இத்தனை சரக்கு வந்தால் எது நல்லது என்று கேட்கத்தானே தோன்றும்? அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் மார்க்.

ஜாக்ஸனே இதற்கு ஓரளவு வழிகாட்டினார். 1982-ல் வந்த சிறிய கையேட்டில் பீருக்கு நட்சத்திரங்கள் கொடுத்தார். 1989-ல் விஸ்கிப் புஸ்தகத்தில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கே போட்டுவிட்டார். அவருடைய வர்ணனைகளை இன்றும் படிக்கலாம். அந்த மார்க்குகளைப் படித்து ரசிக்க ஒன்றுமில்லை.

பிறகு மார்க் போடுவது சாஸ்திரமாகிவிட்டது. பீர் நீதிபதிகளைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுக்கிற ஸ்தாபனம் ஒன்று அமெரிக்காவில் 1985-ல் ஏற்பட்டது. அவர்கள் கணக்குப்படி மொத்தம் 50 மார்க். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் படுகிற தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. இந்தக் கடைசிப் பத்தைக் கவனியுங்கள். வாசனை, தோற்றம், ருசி எல்லாவற்றையும் தனித்தனியே அளந்த பிறகும், கூட்டிப் பார்த்தால் எதுவோ விட்டுப்போகிறது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. 'ரேட்பீர்' என்று 2000-ல் தொடங்கிய பொதுப் பட்டியலில் இந்த மொத்த அபிப்பிராயத்துக்கு ஐம்பதில் 20 மார்க் ஒதுக்கியிருந்தார்கள். அளக்க முடியாததற்குத்தான் அதிக இடம் தேவைப்பட்டிருக்கிறது.

புட்டியை மறைப்பது சரிதானா? சரி என்றுதான் சொல்ல வேண்டும். 1964-ல் அமெரிக்காவில் ஆலிஸன், ஊல் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். வாரத்தில் மூன்று முறையாவது பீர் குடிக்கிறவர்களுக்கு லேபில் இல்லாத புட்டிகளைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். 'என் பீர் இதுதான்' என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களால் தங்கள் பீரைப் பொதுவாக அடையாளம் காண முடியவில்லை. அதே பீர்களை லேபிலோடு கொடுத்தபோது, தங்கள் பீர் உசத்தி என்று மார்க் போட்டார்கள். 2006-ல் வெளியான இன்னொரு பரிசோதனை இதைவிட வேடிக்கை. பீரில் சில சொட்டு வினிகரைக் கலந்து கொடுத்தார்கள். முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். குடித்த பிறகு சொல்லப்பட்டவர்களோ, ஒன்றும் தெரியாமல் குடித்தவர்களைப் போலவே அதை விரும்பினார்கள். நாக்குக்கு எட்டுவதற்கு முன்னாலேயே ருசி தீர்மானமாகிவிடுகிறது. ஆசிரியர் பெயரைப் பார்த்த பிறகு கதையைப் படிக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் நியாயம் பிறந்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. ஸைடரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஸைடர் என்றாலே மதுதான். அமெரிக்காவில் அந்தச் சொல் வெறும் ஆப்பிள் சாற்றுக்குப் போய்விட்டதால், மதுவை 'ஹார்ட் ஸைடர்' என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸைடருக்கென்றே வளர்க்கும் ஆப்பிளைச் சும்மா கடித்துத் தின்ன முடியாது. இங்கிலாந்தின் லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் பார்க்கர் என்பவர் இவற்றைப் புளிப்பையும் துவர்ப்பையும் வைத்து நான்கு வகையாகப் பிரித்தார். இனிப்பு, புளிப்பு, துவர்ப்போடு கூடிய இனிப்பு, துவர்ப்போடு கூடிய புளிப்பு. ஸோமர்ஸெட் பிரதேசத்து டாபினெட் மூன்றாவது வகை. கிங்ஸ்டன் ப்ளாக் நான்காவது வகை.

மேல்நாட்டார் அடிப்படை ருசிகள் என்று எண்ணுகிறபோது துவர்ப்பைச் சேர்ப்பதில்லை. அவர்களுடைய மார்க் காகிதத்தில் அது 'வாயில் படுகிற தன்மை' என்ற ஐந்து மார்க் மூலைக்குள் அடங்கிவிடுகிறது. நமக்கு அது அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்தவனுக்குத் துவர்ப்பு ஒரு குறையாகத் தோன்றாது; நெல்லிக்காய்க்குப் பின் குடிக்கும் தண்ணீரின் இனிப்பு அந்தத் துவர்ப்பு தந்த கொடை என்று அவனுக்குத் தெரியும். நல்ல ஸைடரின் உயிர் எதில் இருக்கிறதோ, அதற்குக் காகிதத்தில் சரியான கட்டம் இல்லை. பீருக்குப் போட்ட கட்டங்களிலேயே நண்பர்கள் ஸைடருக்கும் மார்க் போட்டால், துவர்ப்பு இல்லாத, சர்க்கரை ஏறிய ஸைடர் ஜெயிப்பதில் ஆச்சரியமில்லை. ஆகவே பெயரை மறையுங்கள், விலையை மறையுங்கள்; ஆனால் குடிப்பது எந்த ஜாதி என்பதைச் சொல்லிவிடுங்கள் என்பேன். சிறுகதையிடம் நாவலின் விஸ்தாரத்தை எதிர்பார்த்து ஏமாந்துபோகிறவன் விமர்சகன் ஆகமாட்டான்.

அடுத்தது அளவு. மூன்று அவுன்ஸில், பத்துப் பன்னிரண்டு கோப்பைகளுக்கு நடுவே, எது கவனத்தைப் பிடித்து இழுக்கும்? உரக்கப் பேசுகிறதுதான். கரியைப் போலக் கறுத்த, பத்து சதவிகிதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஸ்டௌட். ஹாப்ஸ் மலரின் கசப்பை இரட்டிப்பாக ஏற்றிய இந்தியா பேல் ஏல். (பெயரில் நம் தேசம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலேற்றிய சரக்கு அது.) இவைதான் பட்டியல்களில் மேலே நிற்கின்றன. ஆங்கிலேயக் கிராமத்துக் கடையில் நாலு சதவிகிதத்துக்கும் குறைவான ஆல்கஹாலோடு பீப்பாயிலிருந்து வருகிற 'பிட்டர்' முதல் வாயில் ஒன்றும் சொல்லாது. ஒரு முழுக் கோப்பை குடித்து, பேச்சு சூடுபிடித்த பிறகுதான் அதன் அருமை தெரியும். அதற்கு 50-க்கு 27 மார்க்.

இதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். மார்க்கைப் பார்த்து ஜனங்கள் வாங்குகிறார்கள். ஜனங்கள் வாங்குவதைப் பார்த்துக் காய்ச்சுகிறவன் காய்ச்சுகிறான். அளவுகோல் எதை அளக்கத் தெரிந்துவைத்திருக்கிறதோ, அதுவே ஊரெல்லாம் பெருகும். அடக்கமானவை மெள்ள மெள்ள மறையும்.

அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதும் ஒரு கேள்விதான். ரேட்பீர் பட்டியலில், உலகத்தின் மிகப் பெரிய பீர்க் கம்பெனியான ஏபி இன்பெவ்வின் கிளையொன்று பங்கு வாங்கியிருந்த விஷயம் 2017-ல் வெளியே வந்தது. 2019-ல் அது முழுவதுமாக அந்தக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. கால் நூற்றாண்டாக ரசிகர்கள் இலவசமாக எழுதிச் சேர்த்த அபிப்பிராயங்கள், காய்ச்சி விற்கிறவனுடைய சொத்தாகி, பிறகு கடையோடு சேர்ந்து போயின.

அந்தப் பட்டியலில் 2005-ல் உலகத்திலேயே முதன்மையானது என்று பெயர் வாங்கியது பெல்ஜியத்தில் வெஸ்ட்ஃப்ளெட்டெரன் என்ற ஊர் மடத்துத் துறவிகள் காய்ச்சும் பீர். அந்தப் புட்டிகளில் அப்போது லேபிலே கிடையாது, மூடியில்தான் விவரம். லேபில் இல்லாத புட்டி உலகத்தின் பெரிய லேபில் ஆகிவிட்டது. மடத்து வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. துறவிகளோ உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். மடத்தை நடத்தத் தேவையான அளவுக்குத்தான் காய்ச்சுவது என்பது அவர்கள் கொள்கை. இந்தக் கதையில் அளவு தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, சராசரி. ஒரு பீருக்கு ஒரு நண்பர் 42 போடுகிறார், இன்னொருவர் 24. சராசரி 33. அந்த மேஜையில் முப்பத்துமூன்றை ருசித்தவர் யார்? ஒருவருமில்லை. ஒருவருக்குமே இல்லாத அபிப்பிராயத்தைப் பொது அபிப்பிராயம் என்று எழுதி வைக்கிறார்கள். அந்தப் பதினெட்டு மார்க் வித்தியாசத்தில்தான் விஷயம் இருந்தது. ஏன் 42, ஏன் 24 என்று இருவரும் பேசியிருந்தால், ஒருவருக்குப் புகை நெடியாகத் தெரிந்தது மற்றவருக்கு வறுத்த காபியாகத் தெரிந்தது என்பது வெளிவந்திருக்கும். இரண்டு பேருமே மறுபடி ஒரு வாய் குடித்துப் பார்த்திருப்பார்கள்.

வாய்விட்டுப் பேசுவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று பரீட்சை பெற்ற நீதிபதிகளுக்கு ஒரு விதி உண்டு. அது நல்ல விதி. கச்சேரியில் முன்வரிசைக்காரர் ஒருவர் தலையை ஆட்டினால் பின்வரிசையில் பத்துத் தலைகள் ஆடுவதை நாம் பார்க்காததா? நண்பர்களுக்கிடையே இந்த அபாயம் அதிகம். அன்பு இருக்கிற இடத்தில் ஒத்துப்போகிற ஆசையும் இருக்கும். ஆகவே முதலில் தனியே எழுதட்டும். ஆனால் எண்ணுக்குப் பதிலாக இரண்டு வாக்கியம் எழுதட்டும். பிறகு ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்கட்டும். பன்னிரண்டுக்குப் பதில் நாலு புட்டி போதும். எட்டாவது கோப்பைக்குப் பிறகு தீர்ப்புச் சொல்வது நாக்கு அல்ல, போதை. முடிவில், 'இதில் இன்னொரு முழுக் கோப்பை வேண்டுமா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்.

ஸ்பெயின் தேசத்து அஸ்டூரியாஸில் ஸைடரைத் தலைக்கு மேல் புட்டியைத் தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த கோப்பையில் ஊற்றுகிறார்கள். விழுகிற வேகத்தில் எழும் நுரை அடங்குவதற்குள் அந்தக் கொஞ்சத்தைக் குடித்துவிட வேண்டும். பழைய வழக்கப்படி கூட்டத்துக்கெல்லாம் ஒரே கோப்பை; ஒருவர் குடித்து, மிச்சத்தை விளிம்பு வழியே கீழே கொட்டிக் கழுவிவிட்டு, அடுத்தவருக்குக் கொடுப்பார். இந்தக் கலாசாரத்தை 2024-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கோப்பைகளை வரிசையாக வைத்து ஒப்பிட அங்கே வழியே இல்லை. ஆனாலும் நல்ல ஸைடர் எது, மட்டமானது எது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் போய்விடவில்லை.

மார்க் வேண்டாம் என்றால் விமர்சனமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. நல்லதற்கும் மட்டமானதற்கும் வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்கிறவன் காரணத்தோடு சொல்ல வேண்டும். ஜாக்ஸன் 1977-ல் செய்த காரியம் அதுதான். அவர் எழுதியதைப் படித்தவன் அவர் சொன்னதை நம்பிவிட்டு நிற்கவில்லை. தானே ருசித்துப் பார்க்கப் புறப்பட்டான். நம் பத்திரிகைகளில் புஸ்தகங்களுக்கும் சினிமாவுக்கும் மார்க்கும் நட்சத்திரமும் போடுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதற்கு மேல் இல்லை.