மரணப்படுக்கையின் செலவும் மேய்ப்புப் பணியும்: ஓர் ஆய்வு வரிசையின் மதிப்பீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர் செலவிடும் தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, பயனாளிகளின் வாழ்நாளில் கடைசி ஓராண்டுக்கே செல்கிறது என்பது நெடுநாள் அறியப்பட்ட செய்தி. இத்துணைப் பொருளைச் செலவிட்டும் மக்கள் நல்ல முறையில் மரிக்கிறார்களா என்னும் வினாவிலிருந்து பெரியதோர் ஆராய்ச்சித் துறையே எழுந்துள்ளது. மருத்துவரும் பொருளியலாரும் எழுதும் அக்கட்டுரைகளைப் போதகர்கள் படிப்பது அரிது. ஆயினும் அவற்றுள் ஒரு வரிசை நம்மைக் குறித்தே பேசுகிறது. சபை அளிக்கும் ஆன்மீக ஆதரவு, நோயாளி மரிக்கும் விதத்தோடும் அம்மரணத்தின் செலவோடும் எவ்வாறு தொடர்புற்றிருக்கிறது என்பதே அதன் பொருள். அதன் முடிவுகள் நமக்கு உவப்பானவை அல்ல. ஆதலால் அவற்றை நிதானமாக ஆராய்வது நம் கடமை.

ஆய்வின் பின்னணி

இத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுவது ‘சப்போர்ட்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு. 1989 முதல் 1994 வரை ஐந்து போதனா மருத்துவமனைகளில், கடும் நோயுற்ற 9,000க்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பெற்று, 1995இல் இது வெளியாயிற்று. மருத்துவமனையில் மரித்தோரில் உணர்வுடன் இருந்தவர்களுள் பாதிப்பேர், இறுதி நாட்களில் பாதி நேரமேனும் மிதமான அல்லது கடுமையான வலியில் இருந்தனர் எனக் குடும்பத்தார் சாட்சி கூறினர். நின்றுபோகும் இதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சி வேண்டாமெனக் கருதிய நோயாளிகளின் மருத்துவருள், அவ்விருப்பத்தை அறிந்திருந்தோர் 47 விழுக்காட்டினரே. பயிற்சி பெற்ற செவிலியரை அமர்த்தி உரையாடலை வளர்க்க முயன்றபோதும் நிலைமை சீரடையவில்லை. ஏடுகளில் தகவலைக் கூட்டுவதால் மட்டும் மரணப்படுக்கையருகே உண்மை பேசப்படுவதில்லை என்பதே அதன் பாடம்.

ஆய்வுகள் கண்டவை

இப்பின்னணியில் ஹோலி பிரிகர்சன், ட்ரேசி பால்போனி முதலிய ஆய்வாளர்கள், முற்றிய புற்றுநோயாளர்களை அமெரிக்க மையங்கள் பலவற்றில் சந்தித்து, மரணம் வரை தொடர்ந்து கவனித்தனர். மூன்று கட்டுரைகள் நமக்கு முக்கியமானவை.

2009இல் வெளியான முதற்கட்டுரை 345 நோயாளிகளைப் பற்றியது. நோயை எதிர்கொள்வதில் கடவுள் நம்பிக்கையை மிகுதியாகச் சார்ந்திருந்தவருள் 13.6 விழுக்காட்டினர், கடைசி வாரத்தில் செயற்கைச் சுவாசம் போன்ற உயிர் நீட்டிப்புச் சிகிச்சைகளைப் பெற்றனர். குறைவாகச் சார்ந்தவருள் இது 4.2 விழுக்காடே. 2011இல் வந்த கட்டுரை செலவை அளந்தது. தங்கள் ஆன்மீகத் தேவைகளை மருத்துவக் குழுவினர் போதிய அளவு கவனிக்கவில்லை எனக் கூறியவர்களின் கடைசி வாரச் செலவு சராசரி 4,947 டாலர்; கவனிக்கப்பட்டோருக்கு 2,833 டாலர். 2013இல் வந்த கட்டுரையே மிகவும் நெருடலானது. தம் சபையாரிடமிருந்து மிகுந்த ஆதரவு பெற்றவர்கள் ‘ஹாஸ்பிஸ்’ எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பை நாடுவது குறைவாகவும், தீவிர சிகிச்சைப் பிரிவிலே மரிப்பது மிகுதியாகவும் காணப்பட்டது. ஆனால் சபையின் ஆதரவோடு மருத்துவக் குழுவின் ஆன்மீக ஆதரவும் சேர்ந்தபோது, அல்லது மரணத்தைக் குறித்து மருத்துவர் வெளிப்படையாக உரையாடியபோது, இப்போக்கு தணிந்தது.

மதிப்பீடு

இவ்வாய்வுகளின் சிறப்பொன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்துறையில் பல ஆய்வுகள், மரித்தவர்களின் ஏடுகளை எடுத்துப் பின்னோக்கிப் பார்த்து, இறுதிச் செலவெல்லாம் வீண் என்று முடிவு கட்டின. பிழைக்கும் நம்பிக்கையோடு சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்கள் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. இக்குறையைப் பீட்டர் பாக் என்னும் மருத்துவரும் அவருடன் இருவரும் 2004இல் வன்மையாகச் சுட்டிக்காட்டினர். பால்போனி குழுவினரோ உயிரோடிருக்கும் நோயாளிகளிடம் கேட்டு, பின்னரே நிகழ்ந்ததைப் பதிந்தனர்.

எனினும் குறைகள் உண்டு. முதலாவதாக, தொடர்பு வேறு, காரணம் வேறு. வாழவேண்டும் என்னும் ஆவல் மிக்கவர்களே சபையின் துணையையும் தீவிர சிகிச்சையையும் ஒருங்கே நாடியிருக்கக் கூடும். அவ்வாறாயின் சபையின் மீது பழி சுமத்துவது பொருந்தாது. இரண்டாவதாக, ‘ஆன்மீக ஆதரவு’ என்பதை நோயாளியின் மதிப்பீட்டைக் கொண்டே அளந்தனர். போதகர் என்ன பேசினார், எதற்காக ஜெபித்தார் என்பது இவ்வளவையில் இல்லை. கைபற்றி அமர்ந்திருந்தவரும், சுகம் நிச்சயம் என்று முழங்கியவரும் ஒரே எண்ணாக எழுதப்பட்டுள்ளனர்.

மூன்றாவது குறை இவற்றினும் ஆழமானது. மெடிகேர் 1983 முதல் ஹாஸ்பிஸ் பராமரிப்புக்குப் பணம் வழங்கிவருகிறது. ஆனால் ஆறு மாதத்திற்கு மேல் வாழமாட்டார் என மருத்துவர் சான்று தரவேண்டும். நோயைக் குணமாக்கும் சிகிச்சையை நோயாளியும் கைவிட வேண்டும். அதாவது, வலி தணிய வேண்டுமானால் நம்பிக்கையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றே ஒரு விசுவாசியின் செவியில் அது ஒலிக்கும். அவர் தயங்கினால் அது விசுவாசத்தின் கோளாறா, விதியின் கோளாறா? 2010இல் வெளியான ஜெனிஃபர் டெமலின் ஆய்வு இதற்கு விடை தருகிறது. பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரில் ஒரு பகுதியினருக்குத் தொடக்கமுதலே, புற்றுநோய்ச் சிகிச்சையோடு நோய்தணிப்புப் பராமரிப்பும் அளிக்கப்பட்டது. அவர்களது வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, மனச்சோர்வு குறைந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 8.9 மாதமாயிருக்க, இவர்களுடையது 11.6 மாதமாயிருந்தது. நம்பிக்கையா நிவாரணமா என்னும் தெரிவு நோயின் இயல்பில் இல்லை. பணம் வழங்கும் முறையில் இருக்கிறது. பால்போனி குழுவினர் இதைப் போதிய அளவு எடைபோடவில்லை என்பது நம் கருத்து.

செலவைக் குறித்து

இறுதிக்காலப் பராமரிப்பு சிக்கனமானது என்று சொல்லி அதற்கு ஆதரவு தேடுவோர் உளர். இவ்வாதத்தில் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். எசேக்கியேல் எம்மானுவேலும் லிண்டா எம்மானுவேலும் 1994இலேயே கணக்கிட்டுக் காட்டியபடி, எல்லாரும் ஹாஸ்பிஸையும் முன்விருப்பப் பத்திரங்களையும் ஏற்றாலும், மிச்சமாவது நாட்டின் மருத்துவச் செலவில் ஏறக்குறைய 3.3 விழுக்காடே. மேலும், ஓராண்டுக்குள் மரிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என முன்னரே கணிக்கத்தக்கவர்களுக்கு மெடிகேர் செலவில் 5 விழுக்காட்டிற்கும் குறைவே செல்கிறது என 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மரிப்பவர் யார் என்பதை எவரும் முன்னறியாதபோது, ‘வீண் செலவு’ என்னும் சொல் பின்னோக்கிப் பார்ப்பவரின் சொல்லேயாகும்.

பெத்தானியாவில் இயேசுவின் அடக்கத்திற்கென ஊற்றப்பட்ட தைலத்தையும் 300 தினாரி எனக் கணக்கிட்டனர். ஏழைகளின் பெயராலேயே கணக்கிட்டனர். அங்கே கர்த்தர் கணக்கை ஏற்காமல், செயலை ஏற்றார். ஆயினும் செலவு பொருட்டல்ல என்று இதிலிருந்து முடிவுசெய்வதும் தவறு. சப்போர்ட் ஆய்வின் குடும்பங்களில் 31 விழுக்காட்டினர் தம் சேமிப்பில் பெரும்பகுதியை இழந்தனர். நல்ல சமாரியன் இரண்டு தினாரியைக் கொடுத்ததுமன்றி, மேற்படும் செலவையும் தானே ஏற்றான். காயமுற்றவன் தலையில் அக்கடனை வைக்கவில்லை. ஆகவே ‘எவ்வளவு செலவு?’ என்பதோடு ‘யாருடைய செலவு?’ என்றும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். குடும்பத்தார் சேமிப்பையும் நகையையும் கையிலிருந்து இழக்கும் நம் நாட்டில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது.

நம் பணிக்கு

இக்குறைகளையெல்லாம் கூறியபின்னும், ஆய்வின் மையச் செய்தி நம்மை விட்டு அகலாது. சபை அன்போடு சூழ்ந்திருந்தும், அவ்வன்பு நோயாளியைக் குழாய்களுக்கும் கருவிகளுக்கும் இடையே தனித்து மரிக்கவிடுமாயின், நம் போதனையில் ஏதோ குறைவுபடுகிறது. அற்புதத்திற்காக ஜெபிக்கக் கற்பித்த நாம், அற்புதம் நிகழாத படுக்கையருகே பேசக் கற்பிக்கவில்லை. சிகிச்சையை நிறுத்துவதை விசுவாசக் குறைவென்று கருதும் நோயாளிக்கு, உயிர்த்தெழுதலின் நம்பிக்கை கருவியின் ஓட்டத்தைச் சார்ந்ததன்று எனச் சொல்ல வேண்டியவர் மருத்துவர் அல்லர், போதகரே.

வழியும் தொலைவில் இல்லை. 2010இல் 40 நாடுகளின் இறுதிக்காலப் பராமரிப்பை ஒப்பிட்ட அறிக்கை இந்தியாவைக் கடைசி இடத்தில் வைத்தது. ஆனால் அதே அறிக்கை கேரளத்தை முன்மாதிரியாகச் சுட்டிற்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, ஊர் மக்களையே தொண்டர்களாக்கி வீடுதோறும் சென்று நோயாளரைக் கவனிக்கும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் அம்மாநில அரசு இதனைக் கொள்கையாகவே அறிவித்தது. உயிர் நீட்டிப்புச் சிகிச்சை வேண்டாமென முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இவற்றை அறியாத போதகர் குடும்பத்தாருக்கு என்ன ஆலோசனை கூறுவார்?

இறையியல் கல்லூரிகள் மேய்ப்பியல் பாடத்தில் மூன்றையேனும் சேர்த்தல் நலம்: நோய்தணிப்புப் பராமரிப்புக் குழுவோடு மாணவர் சில வாரங்கள் வீடுகளுக்குச் செல்லுதல், மருத்துவரோடு ஒரே மேசையில் அமர்ந்து உரையாடப் பயிலுதல், குணமடையாத நோயாளிக்காக, பொய்யான வாக்குறுதியின்றி ஜெபிக்கக் கற்றல். சபையின் ஆதரவோடு மருத்துவக் குழுவின் ஆதரவும் இணைந்தபோது நிலைமை மாறியதை அவ்வாய்வே காட்டுகிறது. அவ்விணைப்புக்கு முதலடி எடுத்துவைக்க வேண்டியவர்கள் நாமே.