மலிவான கருவியும் மாற்று நிரலும்

இன்றைய காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். பதினாறு முனைகள் கொண்ட ஒரு செருகுவாய் தெரியும். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான இந்த ஏற்பாடு, 2010க்குப் பின் இந்தியாவிலும் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. காரினுள் இருக்கும் கணிப்பொறி, தான் கண்ட கோளாறுகளைக் குறியெண்களாகச் சேமிக்கிறது. 'பி 0301' என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள்.

இக்குறியெண்களை நமக்குப் பெயர்த்துச் சொல்லும் துபாஷி, கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய 'எல்ம் 327' என்னும் சில்லு. அதன் முதல் பதிப்பின் நிரல் பூட்டப்படாமல் இருந்ததால் போலிகள் பெருகின. பல போலிகள் தம்மைப் 'பதிப்பு 1.5' என்கின்றன. அந்நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை! 2022இல் நிறுவனமும் மூடப்பட்டது.

இத்தகைய கருவிகளின் உள் நிரலை மாற்றியமைக்கும் அதிகாரபூர்வமற்ற மென்பொருள்கள் இப்போது உலவுகின்றன. இவை நல்லவையா?

பயன் உண்டு. உற்பத்தியாளர் கைவிட்ட கருவிக்கு மறுவாழ்வு கிடைக்கிறது. பென்னாகரத்திலோ அரூரிலோ உள்ள சிறு பட்டறைக்காரரும் கோளாற்றைக் கண்டறியலாம். மூல நிரல் வெளிப்படையாக இருந்தால் எவரும் அதைச் சோதிக்கலாம். 'அங்கீகாரம் இல்லாததெல்லாம் ஆபத்து' என்னும் வாதத்தில் வியாபார நோக்கமும் கலந்திருக்கிறது.

ஆயினும் படிப்பது வேறு, எழுதுவது வேறு. குறியெண்ணைப் படிப்பது நாடி பார்ப்பது போன்றது. காரின் கணிப்பொறியில் புது நிரல் எழுதுவதோ அறுவை சிகிச்சை. பாதியில் மின்சாரம் நின்றால் அக்கணிப்பொறி செயலற்றுப் போகலாம். இஞ்சினும் பிரேக்கும் ஒரே தகவல் வலையில் பேசிக்கொள்வதையும் மறக்கலாகாது. 2015இல் மில்லர், வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள், ஜீப் காரின் ஒரு சில்லில் இருந்த நிரலை மாற்றி, தொலைவிலிருந்தே அக்காரை ஆட்டிவைத்துக் காட்டினர். விளைவாக 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் விபத்துக்குப் பெயர்போனது. அந்தச் சரிவில் இறங்கும் வண்டியின் பிரேக் கட்டுப்பாட்டை ஊர்பேர் தெரியாத நிரலிடம் ஒப்படைப்பது அறிவுடைமை ஆகுமா?

ஆகவே வாசகர்களே, படிக்கத் தயங்காதீர்கள். குறியெண்ணை அழிக்குமுன் குறித்துக்கொள்ளுங்கள். அழித்தால் விளக்குதான் அணையும், கோளாறு அகலாது. மாற்று நிரலைக் கருவியில் ஏற்றுவதானால் பழையதைப் பிரதியெடுத்து, நிற்கும் வண்டியில் சோதியுங்கள். ஓடும் வண்டியில் கருவியைச் செருகியபடி விடாதீர்கள். காருக்குள் எழுதும் வேலையை அதில் தேர்ந்தவரிடம் விடுங்கள்.